புது வரகுச் சோறு

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கண்மாய் நிரம்பாததால் அந்த வருஷம் நெல் போடவில்லை, வரகு மட்டும்தான். அதையும் அறுத்துக் களத்தில் போட்டிருந்தபோது, தை மாதத்தில் யாரும் நினைக்காத மழை பிடித்துக்கொண்டது. கதிர்கள் நனைந்து கட்டுக்குள்ளேயே புழுங்கின. வெயில் வந்ததும் காயவைத்து அடித்தோம். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

முதல் சோறு ஆக்கிய அன்று மத்தியானம் என் வீட்டுக்காரரும் மாமியாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். எங்கள் மகளுக்கு அவள் அப்பா தன் தட்டிலிருந்தே ஊட்டினார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

திரும்பி வந்தால், அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கை கால் வெடவெடவென்று ஆடுகிறது.

"என்னங்க செய்யுது?"

வாயைத் திறந்தார், நாக்குக் குழறியது. மாமியார் அடுப்படியில் சுருண்டு கிடந்தார். மகள் பாயில் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். உலுக்கினேன். கண் செருகியது. குழம்பில் பல்லி விழுந்துவிட்டதோ, யாராவது எதையாவது கலந்துவிட்டார்களோ என்று மனசு எங்கெங்கோ ஓடியது.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார். சட்டியைப் பார்த்தார்.

"இது என்ன சோறு?"

"புது வரகுக்கா."

"மழையில நனஞ்சதா? அப்ப வரகு மயக்கம்தான். எங்க ஆத்தா வீட்லயும் ஒருக்கா இப்படி ஆச்சு. புளியக் கரைச்சுக் கொண்டா. புள்ளய இங்கிட்டுக் குடு."

"பொழச்சுக்குமாக்கா?"

அவர் புளித்தண்ணீரில் துணியை நனைத்து மகளின் உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் அவள் பாதத்தைத் தேய்த்தேன். பாதம் சில்லென்று இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அவள் வாந்தியெடுத்தாள், வீறிட்டு அழுதாள். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது. மற்ற இருவருக்கும் மறுநாள்தான் தள்ளாட்டம் நின்றது.

மிச்ச வரகைக் கொட்ட மனசு வரவில்லை. பழசானால் விஷம் இறங்கிவிடும் என்றார்கள். தானியம் கொட்டிவைக்கும் குலுக்கையில் போட்டு மூடிவிட்டு, மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றே காலத்தைத் தள்ளினோம். ஆடியில் அதுவும் தீர்ந்தது. மாமியார் குலுக்கையைத் திறந்தார்.

"மொதல்ல நான் திங்கிறேன். நீங்க சாயங்காலம் வரைக்கும் பொறுங்க."

"வேணாம் அயித்தே, கோழிக்குப் போட்டுப் பாப்போம்."

"தல சுத்துதுன்னு கோழி வாயத் தொறந்து சொல்லுமா?"

தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்து அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் இறங்கியதும் எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு, "எல்லாருக்கும் சோத்தப் போடு" என்றார்.

போட்டேன். மகளுக்குப் போடும்போது மட்டும் கை நின்றுவிட்டது. மாமியாரே வந்து கரண்டியை வாங்கி அவளுக்குப் போட்டார்.