சர்க்கரை பூத்த பழம்

கன்டெய்னரைத் திறந்ததும் சலீம் பாய் ஒரு பேரீச்சம்பழத்தைப் பிட்டுப் பார்த்தார். தோல் மேல் வெள்ளை வெள்ளையாகச் சர்க்கரை படிந்திருந்தது. உள்ளே இறுகிப்போய், மென்றால் நறநறவென்றது. கெட்டுப்போகவில்லை. நல்ல பழமும் இல்லை.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து, எங்கள் வீட்டில் முதல் ஆளாக பி.காம். முடித்து, கள்ளக்குறிச்சியில் பாயின் மொத்தக் கடையில் இறக்குமதி டாக்குமென்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். ரம்ஜான் நோன்பு தொடங்குமுன் சரக்கு விற்றுப் போகாவிட்டால் அடுத்த கன்டெய்னருக்கு அவரிடம் முதல் இருக்காது. வட்டிக்கு வாங்கமாட்டார்.

"சப்ளையர் மேல கிளைம் போட்டுடலாமா பாய்?"

"அவரு ஏத்தனப்ப பழம் நல்லாத்தான் இருந்துச்சு, போட்டோ இருக்குது. சரக்கை வெளிய எடுக்க நம்ம ஏஜென்ட் லேட் பண்ணதால ஹார்பர் வெயில்ல நின்னுச்சு. அவரு தலையில இன்னாத்துக்குக் கட்டணும்? குறைய மறைச்சு வித்தா அந்தக் காசு ஹராம். சொல்லியே விப்போம். போர்டு எழுது."

எனக்குத் தெரிந்த நல்ல தமிழில் எழுதினேன்: 'சர்க்கரை பூத்த பழம்.'

சங்கராபுரத்தில் கடை வைத்திருக்கும் செல்வராஜ் அண்ணன் வந்து படித்தார். "பேரே இனிக்குதே! நாப்பது பெட்டி போடு தம்பி." ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

தொழுதுவிட்டு வந்த பாய் போர்டைப் பார்த்தார். "குறைய எழுதச் சொன்னா கல்யாணப் பத்திரிகை அடிச்சு வெச்சிருக்கியே?"

"சொல்லிட்டோமே பாய்."

"நீ சொல்லிட்ட. அவருக்குப் புரிஞ்சுதா?"

போன் போட்டு, பழம் இறுகிப்போனது, பெட்டிகளைத் திருப்பி அனுப்புங்கள் என்றேன். அண்ணன் நம்பவில்லை. "வேற எவனோ ஜாஸ்தி குடுக்கறான், திருப்பிப் புடுங்கப் பாக்கறீங்க. தர முடியாது."

பாய், பழைய சரக்கில் மிச்சமிருந்த நல்ல பழம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு என் பைக்கில் ஏறினார். சங்கராபுரத்தில் இரண்டையும் அண்ணனைத் தின்னச் சொன்னார். அண்ணன் நல்லதை உடனே விழுங்கினார். எங்களுடையதை ரொம்ப நேரம் மென்றார்.

"இன்னா பாய், மண்ணாட்டம் இருக்குது?"

"அதத்தான் இந்தத் தம்பி போர்டுல எழுதுச்சு."

பாதிப் பெட்டிகள் திரும்பின. மீதியை விலை குறைத்துக் கொடுத்தோம். கிளம்பும்போது அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த போர்டு சும்மாதான கிடக்குது? எனக்குக் குடேன்."

பாய் காதில் விழுந்துவிட்டது. "போர்டு விக்கிறதில்லீங்க" என்றார்.

அன்றே அதை அழித்து, 'பழம் இறுகியிருக்கிறது, கடித்துப் பார்த்து வாங்கவும்' என்று எழுதினேன். பலர் கடித்தார்கள், சிலர் வாங்கினார்கள். மீதிச் சரக்கு விற்காமல் நின்றது. அடுத்த கன்டெய்னர் அந்த வருஷம் வரவில்லை. பாய் வழக்கம்போல் கடை திறந்தார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகள் ஒன்றைக் கவனிக்கலாம். குறையைச் சொன்னதும் வாங்குகிறவர் முகம் கொஞ்சமாவது சுருங்க வேண்டும். சுருங்கவில்லை என்றால் நாம் இன்னும் சொல்லவில்லை.