கொட்டாப்புளி இல்லாமல் கூடாரம் அடித்த நாள்

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். பயத்தினால் அல்ல, நேரம் வீணாகிறதே என்று. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காமல், கட்டிய வேட்டியோடு கூலிக்கு வந்து, இன்று பதுளைக் கடைத்தெருவில் சொந்தக் கடையும் நான்கு மாட்டு வண்டியும் வைத்திருக்கிறேன். பேயை நம்பியா இதெல்லாம் வந்தது? ஆனாலும் ஒரு நாள் எனக்கு நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல என்னால் முடியாது. அதுவும் ராத்திரியில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே தள்ளிவிட்டிருப்பேன். நடந்தது பட்டப்பகலில், கண் கூசுகிற வெயிலில்.

இப்போது நீங்கள் ரயிலேறிச் சொகுசாகப் பதுளையில் வந்து இறங்குகிறீர்கள். அந்த ரயில் பாதைக்கு மலைமலையாக அளவு பிடித்த காலத்தில் நான் சர்வே துரையிடம் கூடாரம் அடிக்கிற வேலையில் இருந்தேன். துரையும் மற்ற ஆட்களும் வண்டிப் பாதையைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். நானும் ராக்கனும் குறுக்கு வழியில் மலையேறி, அவர்கள் வருவதற்குள் முதல் கூடாரத்தை நிறுத்திவிடுவோம். ராக்கன் என் பெண்சாதி பொன்னாத்தாளின் அண்ணன், எனக்கு மச்சான். கூடாரம் அடிப்பதில் இந்த ஊவா மாகாணத்திலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று துரையே சொல்லியிருக்கிறார், இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

அன்று எல்ல என்கிற ஊருக்கு மேலே ஒரு மொட்டைப் புல்வெளிக்கு ஏறினோம். மரம் இல்லை, நிழல் இல்லை, மலையையே உலுக்குகிற கச்சான் காற்றுக் காலம் வேறு. பாதி வழியிலேயே ராக்கனுக்குக் குளிர் காய்ச்சல் கண்டுவிட்டது. உச்சிக்கு வந்ததும் பல் கிடுகிடுக்கப் புல்லில் சாய்ந்துவிட்டான். தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்றால் வழி ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், காற்று ஆளையே நெட்டித் தள்ளுகிறது. காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்து துரையின் பெட்டியில் இருந்தது, துரை வந்து சேரச் சாயங்காலம் ஆகும். அதுவரை அவனைக் காற்றில் போடாமல் காப்பாற்றியாக வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

மூட்டையைப் பிரித்தேன். கூடாரத் துணி இருந்தது, கம்பு இருந்தது, எட்டு முளையும் இருந்தன. முளை அடிக்கிற கொட்டாப்புளியைக் காணோம். முன்பு தங்கியிருந்த ஹாலிஎலக் கூடாரத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"கொட்டாப்புளி எங்க மாப்ள?" என்றான் ராக்கன்.

"எனக்கெதுக்குக் கொட்டாப்புளி? நான் கையாலயே அடிப்பேன்."

"வாயால அடிப்பே."

காய்ச்சலிலும் அவனுக்கு நக்கல் போகவில்லை.

கல் இருந்தால் முளை அடித்துவிடலாம். நேராக அடித்தால் முளைத் தலை பிளந்துபோகும், அதனால் சாக்குத் துண்டை நாலாக மடித்துத் தலையில் வைத்து அடிக்க வேண்டும். கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாக முளை சாய்ந்திருக்க வேண்டும். மண் இளகலாக இருந்தால் முளை மேலே கனமான கல்லைத் தூக்கி வைக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். கல்லுக்குத்தான் எங்கே போவது? அந்தப் புல்வெளியில் கைக்கு அடக்கமான கல் கிடந்தது ஒரே இடத்தில்தான், பாதை ஓரக் குவியலில்.

அது என்ன குவியல் என்று எங்கள் ஆட்களைக் கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும். கடலுக்கு அக்கரையிலிருந்து வந்து இறங்கித் தேயிலைத் தோட்டத்துக்கு நடந்து வரும்போது வாந்திபேதியில் செத்தவர்களை, ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காமல் ஒரே குழியில் போட்டு மூடிய இடம். அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கல்லை அதன்மேல் வைத்துவிட்டுத்தான் போவார்கள். வைப்பார்களே தவிர ஒருத்தரும் எடுக்க மாட்டார்கள். நான் எடுத்தேன். அடிக்க ஒன்று, முளைகளுக்கு மேலே வைக்க எட்டு.

நான் முதல் கல்லைத் தூக்கி வரும்போதே ராக்கன் பார்த்துவிட்டான்.

"மாப்ள, அது செத்தவங்க மேல வெச்ச கல்லுய்யா. கொண்டுபோய் அங்கனயே போட்டுரு."

"செத்தவனுக்குக் கல்லு எதுக்கு மச்சான்? அவன் எந்திரிச்சு ஓடவா போறான்? உசுரோட இருக்கிற ஒனக்குத்தான் கூடாரம் வேணும்."

எட்டு முளையும் அடித்தேன். மண் அரை முழம்தான், அதற்குக் கீழே பாறை, முளை பாதிக்கு மேல் இறங்கவில்லை. மேலே கல்லை வைத்துத் தேங்காய்த் தும்புக்கயிற்றை இழுத்துக் கட்டினேன். ராக்கனை உள்ளே படுக்க வைத்துக் கம்பளியால் சுற்றினேன்.

உச்சிப்பொழுதுக்குக் காற்று அசுரத்தனமாக வந்தது. அந்த மாதிரிக் காற்றுக்கு முழு முளை இறங்கிய கூடாரமே பறந்துபோயிருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். என் கூடாரம் அசையவில்லை. நம் கைவேலை அப்படி என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

"யாரு மாப்ள அவங்க?" என்றான் ராக்கன் கண்ணை மூடியபடியே.

"யாரு?"

"வெளிய கயிறு புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்களே. பாவம், அதுல ஒரு பொம்பள முதுகுல புள்ளையக் கட்டிக்கிட்டு இழுக்குறா."

"காய்ச்சல்ல ஒனக்குப் பொம்பளையா தெரியுதா? எந்திரிச்சதும் ஒன் பெண்சாதிகிட்ட சொல்லுறேன் இரு."

அவன் சிரிக்கவில்லை. நான் வெளியே வந்து பார்த்தேன். வெயில், புல், வேறு ஒன்றும் இல்லை. சும்மா ஒரு கயிற்றைத் தொட்டேன். அதைத் தொடாமல் இருந்திருக்கலாம். மரம் இழுக்கிற வேலையில் வருசக்கணக்காகக் கயிறு பிடித்தவன் நான். முளையில் கட்டிய கயிறு காற்றில் விண் விண் என்று அதிரும். அந்தப் பக்கம் ஆள் பிடித்திருக்கிற கயிறு அப்படி அதிராது, மூச்சு வாங்குகிறபோது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பிறகு இழுக்கும். இந்தக் கயிறு விட்டுக்கொடுத்து இழுத்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று பட்டென்று நின்றது. காற்று நின்றால் துணி தொய்ய வேண்டும், கயிறு தளர வேண்டும். ஒன்றும் தளரவில்லை. எட்டுக் கயிறும் விறைத்து நின்றன. அதில் மூலைக் கயிற்றின் முளை மண்ணைவிட்டு வெளியே வந்திருந்தது, கல் உருண்டு கிடந்தது. நம்பினால் நம்புங்கள், அந்த முளை கீழே விழாமல் புல்லுக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றது, கயிறு கோடு போட்ட மாதிரி நேராக. பிறகு அது சொத்தென்று விழுந்தது.

உள்ளே ராக்கன் பேசினான். "ஒருத்தன் களைச்சுப் போயி விட்டுட்டான் மாப்ள. என்னையக் கூப்புடுறாங்க. நான் போயி ஒரு கை கொடுக்குறேன்."

ஓடிப்போய்ப் பார்த்தால் கம்பளியை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறான். தலை தூக்க முடியாமல் கிடந்தவன்! அமுக்கிப் படுக்க வைத்தேன்.

"நீ படு மச்சான். நான் போய்ப் புடிக்கிறேன்."

"அவங்க கூப்புட்டது ஒன்னைய இல்லையே."

கம்பளியைக் கை கால் அசையாதபடி இறுக்கிச் சுற்றிவிட்டு வெளியே பாய்ந்தேன். காற்று மறுபடியும் வந்துவிட்டது. அவிழ்ந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்து இழுத்தேன். சூரியன் தலைக்கு மேலே நின்றபோது பிடித்தேன், எதிர் மலையில் இறங்கும்வரை விடவில்லை. எனக்கு இரண்டு பக்கமும் மூச்சு இரைக்கிற சத்தம் கேட்டது. பாரம் இழுக்கிற ஆட்கள் இரைப்பார்களே, அந்த இரைப்பு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேலையில் கவனம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன், பயம் என்று நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதையில் ஆள் பேச்சுச் சத்தம் கேட்டது, துரையின் ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்த நிமிசமே எட்டுக் கயிறும் ஒன்றாகத் தளர்ந்தன. கூடாரம் அப்படியே மடிந்து விழுந்தது. துணியை வாரித் தூக்கிப் பார்த்தோம். நான் சுற்றிய கம்பளி நான் சுற்றியபடியே இருந்தது. உள்ளே ராக்கன் செத்துக் கிடந்தான்.

துரைக்குச் சமைக்கிற குசினிக்காரர்தான் கம்பளியைப் பிரித்தார். பிரித்தவர் அவன் கைகளைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து, குறுக்கே கயிற்றுத் தடம் இறங்கியிருந்தது. சதைக்குள் தும்பு ஒட்டியிருந்தது.

"அடப்பாவி, காய்ச்சக்காரனப் போயா கயிறு இழுக்க விட்டே?"

நான் கம்பளியை இழுத்து அந்தக் கைகளை மூடினேன்.

நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குத் தூக்கி வந்தோம். குளிப்பாட்டும்போது பொன்னாத்தாள் அந்தக் கைகளைக் கண்டாள். அழவில்லை. எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்து விரித்துப் பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். அரை நாள் தும்புக்கயிறு பிடித்த என் கையில் ஒரு கீறல் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

வருசங்கள் ஓடி, கடையும் வண்டியும் வந்த பிறகு ஒரு நாள் எனக்கு மனசு கேட்கவில்லை. அதே மாதிரித் தும்புக்கயிறு ஒன்றை எடுத்துப் பாரம் ஏற்றிய வண்டியில் கட்டி, கடைக்குப் பின்னால் சரிவில் நிறுத்தி, உருளவிடாமல் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம்கூட இருக்காது, உள்ளங்கை இரண்டும் பிய்ந்து ரத்தம் வந்துவிட்டது.

வீட்டுக்குப் போய்க் கையை நீட்டினேன். பொன்னாத்தாள் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து மெதுவாகத் தடவிவிட்டாள். தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"இன்னிக்குத்தாங்க நீங்க கயிறு புடிச்சிருக்கீங்க."