இரண்டாம் பாகத்தில் எத்தனை பேர்

ட்ரெய்லரை நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீலாயில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. பளபளவென்று இருக்கிற கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம். பார்வைக்கு எல்லாக் கையுறையும் நல்ல கையுறைதான். வீடியோ கேம்களும் அப்படித்தான் என்பது என் கட்சி. ஆஹா ஓஹோவென்று வந்த எத்தனை இரண்டாம் பாகங்களைப் பார்த்தாயிற்று! முதல் பாகத்தில் சிவப்பாக வந்த அரக்கன் இரண்டாம் பாகத்தில் நீலமாக வருவான். புதுத் தீவு என்று சொல்லி ஒரு கூடுதல் பாகம் விற்பார்கள். போய்ப் பார்த்தால் பழைய தீவிலேயே பனி கொட்டிக் கிடக்கும்.

ஆனால் ஒரு கேமின் இரண்டாம் பாகம் மட்டும் எனக்கு வெறும் விளையாட்டு விஷயமாக இருக்கவில்லை. அதைச் சொல்ல அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் மந்தின் டவுனைத் தாண்டி உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுவதும், வெட்டிய குலை பழமா காயா என்று பார்ப்பதும் அவன் பொறுப்பு. கல்யாணம் ஆகவில்லை. அப்பா போன பிறகு தோட்டத்து வீட்டில் அவன் மட்டும்தான். அப்பாவைக் கடைசி மாதங்களில் யார் வைத்துப் பார்ப்பது என்பதில் எங்களுக்குள் தகராறு. கருமாதி வீட்டில், சொந்தக்காரர்கள் முன்னால், இரண்டு பேரும் சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லிவிட்டோம். அதோடு பேச்சு நின்றது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பழைய சாமான்களை எடுத்து வரலாம் என்று அங்கே போனேன். அவன் டிவி முன்னால் உட்கார்ந்து அந்தக் கேமின் முதல் பாகத்தை விளையாடிக்கொண்டிருந்தான். அதில் இரண்டு வீரர்கள். திரையை மேலும் கீழுமாகப் பிரித்து இரண்டு பேர் ஒரே டிவியில் விளையாடலாம். அவன் ஒரு கோட்டைக் கதவின் முன்னால் மாட்டிக்கொண்டிருந்தான்.

"கம்ப்யூட்டர் ஆளு கதவைச் சரியா தள்ள மாட்டேங்குது. இன்னொரு ஆள் வேணும்," என்றான், என்னைப் பார்க்காமல்.

உட்கார்ந்தேன். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் போனேன். நாங்கள் பேசியதெல்லாம் கேம் பேச்சுதான். இடது பக்கம் வா, பின்னால ஒருத்தன் வரான், மருந்து இருந்தா குடு. வேறு எதையும் தொடமாட்டோம். தொட்டால் கருமாதி வீடு திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் இரண்டு பேருக்கும். கடைசி அரக்கனைக் கொன்றாயிற்று. கூடுதல் பாகத்தையும் வாங்கி முடித்தாயிற்று, அது சுமார்தான். இனி என்ன சாக்கு வைத்து இங்கே வருவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது இரண்டாம் பாகத்தின் அறிவிப்பு வந்தது.

அண்ணன் வாட்ஸ்அப்பில் ட்ரெய்லர் மேல் ட்ரெய்லராக அனுப்பினான். கூட ஒரு வார்த்தை எழுதமாட்டான். நான் தொழிற்சாலைக் கேண்டீனில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மழை பெய்கிறது, குதிரை ஓடுகிறது, குதிரையின் பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. இரண்டு வீரர்களும் வருகிறார்கள். ஆனால் திரை பிரிந்த காட்சி ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் காட்டுகிறவன் இதை மட்டும் ஏன் மறைக்கிறான்?

அடுத்த ஞாயிறு, பழைய பாகத்தையே மறுபடி விளையாடிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ரெண்டு பேர் சேந்து விளையாடுற மாதிரி ஒரு எடத்துலகூட காட்டல. கவனிச்சியா?"

"அதெல்லாம் இருக்கும் லா."

"இருக்கும்னா? எங்க போட்டிருக்கான்?"

"எல்லாத்தையும் முன்னாடியே காட்டிட்டா அப்புறம் என்னா இருக்கு? எதுக்கெடுத்தாலும் சந்தேகம் உனக்கு."

இந்தப் பதில்தான் என் சந்தேகத்தை இன்னும் கிளப்பிவிட்டது. சந்தேகப்படுவதில் என்னைத் தூக்கிச் சாப்பிடுகிறவன் அவன். பசாரில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீன் வாங்கமாட்டான். வேலையில் அடியில் காய்க் குலையை ஒளித்து வைத்திருப்பார்களோ என்று முழுக் குவியலையும் கலைத்துப் பார்ப்பான். அப்படிப்பட்டவனா ஒரு விளம்பரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறான்? இதில் என்னமோ இருக்கிறது என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

கேம் வந்தது. அந்த ஞாயிறு காலையிலேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இப்போதெல்லாம் டிஸ்க்கைப் போட்டாலும் மீதியை டவுன்லோட் செய்யாமல் எந்தக் கேமும் ஓடுவதில்லை, தோட்டத்திலோ இணையம் நகரவே நகராது. பொழுது முழுக்கக் காத்துக் கிடக்கப்போகிறோம் என்று வடை வேறு வாங்கிப் போயிருந்தேன். அவன் பொத்தானை அழுத்தியதும் கேம் சட்டென்று திறந்துகொண்டது.

"டவுன்லோட் பண்ண வேணாமா?"

"வெள்ளிக்கிழமையே மந்தின்ல கூட்டாளி கடைக்குக் கேம் பெட்டியைத் தூக்கிட்டுப் போயி போட்டுட்டேன்."

நான் இரண்டாவது கண்ட்ரோலரை எடுத்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மெனுவில் ஒவ்வொரு பக்கமாகப் போய்த் தேடினேன். ஒலி இருந்தது, வெளிச்சம் இருந்தது, பத்துப் பதினைந்து மொழிகள் இருந்தன. இரண்டாவது ஆளுக்கு மட்டும் இடமே இல்லை.

"பாத்தியா? சொன்னேனா இல்லையா?" கண்ட்ரோலரை சோபாவில் வீசினேன். "ஏமாத்திட்டானுங்க!"

அண்ணன் அசையவில்லை. அவன் முகத்தில் ஏமாற்றத்தின் சாயலே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வெள்ளிக்கிழமையே போட்டேன்னு சொன்னே. அப்ப இந்த மெனுவை நீ பாத்திருப்பே."

"பாத்தேன்."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"வெள்ளிக்கிழமை என்னா வெள்ளிக்கிழமை. அறிவிப்பு வந்தப்பவே தெரியும். ஒரு ஆளுக்குன்னு கீழ சின்னதா போட்டிருந்தான்."

"அப்புறம் எதுக்கு அத்தனை ட்ரெய்லரையும் எனக்கு அனுப்பினே?"

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இல்லைன்னு சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

வந்திருக்கமாட்டேன். சாக்கில்லாமல் அந்த வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் கிடையாது. அது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் கேம் கம்பெனிக்காரனைச் சந்தேகப்பட்டேனே தவிர, இவன் மனசில் என்ன ஓடுகிறது என்று ஒரு தடவை யோசித்தேனா!

"சாகும்போது கண்ட்ரோலரை மாத்திக்கலாம்," என்றான். "நான் செத்தா நீ. நீ செத்தா நான்."

சும்மா சொல்லக்கூடாது, கேம் பிரமாதம். ட்ரெய்லரில் காட்டியதைவிட நன்றாகவே செய்திருந்தார்கள். ஊரெல்லாம் கொண்டாடுவது நியாயம்தான். அதிலும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அண்ணன் ஆடினான். முதல் பாலத்தில் ஒரு கிழட்டுத் திருடன் தடியோடு நின்றான். விளையாடப் பழகுவதற்காக வைத்திருக்கிற ஆள், யாராலும் அடிக்க முடியும். அண்ணன் நேராக அவன் முன்னால் போய் நின்றான். வாளைத் தூக்கவே இல்லை. திருடன் அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். திரை சிவந்தது.

"செத்துட்டேன். இந்தா."

"வேணும்னே செத்தே."

"கை வழுக்கிடுச்சி லா."

"பொய் சொல்லாதே, அண்ணே."

அப்பா போன பிறகு அண்ணே என்ற வார்த்தையை நான் அவனிடம் சொன்னதில்லை. தானாக வந்துவிட்டது. அவனுக்கும் கேட்டது. கண்ட்ரோலரை என் மடியில் வைத்துவிட்டு, டீ போடப் போவதாகச் சொல்லி அடுப்படிப் பக்கம் போனான். எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைப்பதற்குள் அந்தக் கிழட்டுத் திருடன் என்னையும் அடித்துக் கொன்றுவிட்டான்.

"என்னா, செத்துட்டியா?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"ஆமா. வாண்ணே, உன் முறை."