வெளியே போகும் மூச்சு

கனடாவின் வடகோடியில், இனுயிட் மக்கள் வாழும் பாங்னிர்துங் ஊர் மருத்துவ நிலையத்தில் பிட்சியுலாக் முப்பத்தோரு வருஷமாக மொழிபெயர்ப்பாளர். தெற்கிலிருந்து வரும் நர்சுகளுக்கு ஊர்ப் பேச்சு புரியாது. ஊர்க் கிழவர்களுக்கு ஆங்கிலம் வராது. நடுவில் இவள் கிடந்து அல்லாடுவாள். "மூச்சை இழு, பிடி, விடு" என்று இவளிடம் அதட்டு வாங்காத ஆள் அங்கே கிடையாது.

மூச்சுக்கு அவர்கள் பாஷையில் அனிர்னிக் என்று பெயர். அது எங்கிருந்து வந்த சொல் என்று ஒரு டாக்டர் கேட்டார். "அனின்னா வெளியே போறது. அதுலேருந்துதான்" என்றாள். உள்ளே வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பாருங்கள்! உயிருக்கும் அதே சொல்தான். செத்தவரின் பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பார்கள். அவரே வந்துவிட்டதாக முறை சொல்லிக் கூப்பிடுவார்கள்.

போன மார்ச்சில் அவள் தம்பி கப்பிக்குக்கு நுரையீரல் கைவிட்டது. தெற்கே விமானத்தில் அனுப்பலாம், ஆனால் பிழைப்பது சந்தேகம், அவர் விருப்பம் என்ன என்று நர்ஸ் கேட்டாள்.

"நான் போகலக்கா. இந்த மூச்சு போறப்ப இங்கயே போகட்டும். சியாசிக்கு அடுத்த மாசம் பிரசவம். வழி தெரியாத ஊர்ல போச்சுன்னா, நான் எப்படி அவ வீட்டுக்கு வந்து சேருவேன்?" என்றான் கப்பிக். பேத்தி சியாசிமேல் அவனுக்கு உயிர்.

அக்கா அவன் கையை இறுகப் பிடித்தாள். அவன் சிரித்தான். "ஊரையே மூச்சை விடு விடுன்னு விரட்டுவே. நான் விடறேன்னா மட்டும் வலிக்குதோ?"

வலித்தது. அவனைச் சாகவிட அவளுக்கு மனசில்லை. நர்ஸிடம் திரும்பி, "விமானம்னா பயம், வேற ஒண்ணுமில்ல. போறேங்கிறான்" என்றாள். தம்பியிடம், "அங்க போனா குணமாயிடுமாம். பத்தே நாளுல வந்துடலாமாம்" என்றாள். நர்ஸ் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. அக்கா சொன்னதை நம்பி அவன் விமானம் ஏறினான். நாலாம் நாள் அங்கேயே செத்துப்போனான், அவன் பேச்சு புரிகிற ஒரு ஜீவன்கூடப் பக்கத்தில் இல்லாமல்.

சியாசிக்குப் பெண் பிறந்தது. அங்கே பெயருக்கு ஆண், பெண் கிடையாது; கப்பிக் என்றே வைத்தார்கள். "வா அத்தைப் பாட்டி, உன் தம்பி வந்துட்டான், கூப்பிடு" என்று குழந்தையை மடியில் வைத்தாள் சியாசி.

"தம்பி" என்றாள் பிட்சியுலாக். வீடு முழுக்க ஆட்கள், முகமெல்லாம் சிரிப்பு.

"அவன் போகமாட்டேன்னு சொன்னான். நான்தான் மாத்திச் சொல்லி அனுப்பினேன்" என்றாள்.

சியாசி குனிந்து, குழந்தையை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.