வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது

கண்ணுகளா, நம் கோழி போன கதையை நான் உங்களிடம் முழுசாகச் சொன்னதே இல்லை. பெரியவனே, நீ அடுத்த வருடம் வேலைக்குப் போகப் போகிறாய். சின்னவளே, நீ வாயைத் திறந்ததால்தான் அன்றைக்கு அப்பாவுக்கு வம்பு வந்தது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னாள். அதற்காகவே எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பண்ணையில் இருப்பவை தாய்க்கோழிகள். அவை இடும் முட்டையைப் பொரித்துத்தான் கறிக்கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு போகிறது. அங்கே ஒரு நோய் புகுந்தால் எல்லாப் பண்ணைக்கும் போய்விடும். அதனால் கட்டுப்பாடு அதிகம். துணி, செல்போன், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்து, தலைக்குக் குளித்து, அவர்கள் தரும் உடுப்போடுதான் ஷெட்டுக்குள் போக வேண்டும். வெளியே வரும்போதும் குளியல். அதெல்லாம் பழகிவிட்டது. இன்னொரு விதியும் இருந்தது. வேலை செய்பவர்கள் தங்கள் வீட்டில் கோழி, வாத்து, புறா, கிளி எதுவும் வளர்க்கக் கூடாது. சேரும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்போது வீட்டில் எதுவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அம்மா சந்தையிலிருந்து ஒரு நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி வந்தாள். ஒன்றுதானே என்று விட்டேன். தினம் இரண்டு தடவை குளிக்கிறவன் மேல் என்ன ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அது சின்னவள் காலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வளர்ந்தது.

அந்த வருடம் வெயில் ஏறிய நேரத்தில் மூன்றாம் ஷெட்டில் கோழிகள் செத்து விழ ஆரம்பித்தன. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேனேஜர் எங்கள் எல்லோரையும் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்.

"ஏனுங்க, ஆராச்சும் ஊட்ல கோழி கீழி வெச்சிருக்கறீங்களா? இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க."

தீவனம் அள்ளும் அண்ணன் ஒருவர் கேட்டார்: "எங்க ஊட்டு மேல தெனமும் ஒரு காக்கா வந்து உக்காருதுங்க. அதையும் எழுதிக் குடுக்கோணுமுங்களா?"

எல்லோரும் சிரித்தோம். மேனேஜர் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல நம்ம கோழி டாக்டரம்மாவக் கூட்டிக்கிட்டு ஊடு ஊடா வாரேன். அங்க ஒரு குஞ்சு இருந்தாலும் அன்னிக்கே வேலை முடிஞ்சுது. அப்பறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க." சொல்லிவிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும், "உங்கூட்லீங்க?" என்றார்.

"இல்லீங்க."

யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

நான் வீடு வந்தபோது நீங்கள் இருவரும் டியூஷனில் இருந்தீர்கள். அம்மாவிடம் சொன்னதும் அவள் கையிலிருந்த பாத்திரத்தை டங்கென்று வைத்தாள்.

"சம்பளம் உங்களுக்குத்தான தர்றாங்க? எனக்கும் புள்ளைங்களுக்குமா தர்றாங்க? எங்கூட்டுப் பொடக்காளில நான் என்ன வளக்கறதுன்னு சொல்றதுக்கு அவங்க ஆரு?"

"வேலை போனா சோத்துக்கு என்ன பண்றது அம்மணி?"

"அப்ப புள்ளைகிட்ட என்னன்னு சொல்வீங்க?"

"கீரி புடிச்சுட்டுப் போயிருச்சுன்னு சொல்லு."

உங்களுக்கு நிஜம் தெரிந்தால் உங்களையும் பொய் சொல்ல வைக்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன். கோழியை ஒரு மஞ்சள் பையில் போட்டு, தலை மட்டும் வெளியே இருக்கும்படி கட்டி, வண்டியில் மாட்டிக்கொண்டு சோமனூருக்கு, உங்கள் அத்தை வீட்டுக்குப் புறப்பட்டேன். வழியில் ஒரு பேக்கரி வாசலில் எங்கள் பண்ணை வேன் நின்றிருந்தது. டிரைவர் டீ கிளாஸைத் தூக்கிக் காட்டிக் கூப்பிட்டார். பைக்குள் கோழி கொக்கரித்தது. நான் ஹாரனை அழுத்திப் பிடித்தபடியே கடந்து போனேன்.

மறுநாள் காலை அவர்கள் வந்தபோது நீங்கள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். டாக்டரம்மா சின்ன வயசு. வீட்டுக்குப் பின்னால் புடக்காளியில் குழாயடி, விறகு, பாத்ரூம் பின்பக்கம் எல்லாம் குனிந்து பார்த்தார். கோழியைக் கவிழ்த்து வைக்கும் கூடையை அம்மா ஏற்கெனவே அடுப்பில் போட்டிருந்தாள். மேனேஜர் டீ குடித்து முடித்தார். "சரிங்கண்ணா, நாங்க கெளம்பறோம்" என்று நோட்டில் டிக் போட்டார்.

அப்போது சின்னவளே, நீ ஒற்றைச் செருப்போடு ஓடி வந்து டாக்டரம்மாவின் கையைப் பிடித்தாய்.

"டாக்டரக்கா, நீங்க கோழி டாக்டர்தான? எங்க கோழியக் கீரி கடிச்சுத் தூக்கிட்டுப் போயிருச்சு. கண்டுபுடிச்சா ஊசி போட்டுப் பொழைக்க வெச்சுருவீங்களா?"

கோழி டாக்டர் வருகிறார் என்று அம்மா சொன்னதை வைத்து, உன் கோழிக்காகத்தான் வந்திருக்கிறார் என்று நீ நினைத்துவிட்டாய். உனக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. மேனேஜர் நோட்டை மறுபடி திறந்தார்.

"என்னுங்கண்ணா இது? நேத்து மூஞ்சியப் பாத்துத்தான கேட்டேன்?"

மறைக்க ஒன்றுமில்லை. சோமனூர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். கோழி உயிரோடு இருக்கிறது என்று உனக்குச் சந்தோஷம். பெரியவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எழுதி வாங்கிட்டு அனுப்பிப்போடலாமுங்க" என்றார் மேனேஜர்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். என்னிடம் கேட்டார்: "கடைசியா எப்ப தொட்டீங்க?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குங்க."

"அந்தக் கோழியையும் பரிசோதனை பண்றேன். அதுக்கு நோய் இருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. இல்லைன்னா சொல்லிப் பாக்கறேன். ஆறு மணியிலிருந்து மூணு நாள் முழுசாக் கழியோணும். அதுவரைக்கும் கோழி, முட்டை, எறகு எதையும் தொடாதீங்க. தொட்டா அங்கிருந்து மறுபடி மூணு நாள்."

அந்த மூன்று நாளும் நான் யாருடனும் சரியாகப் பேசவில்லை. உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு நீ என் பக்கமே வரவில்லை. கோபம் இல்லை கண்ணு, பயம். நம் வீட்டில் என்ன வளர்ப்பது என்று சொல்ல அவர்கள் யார் என்று அம்மா கேட்டதை இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஷெட்டில் நோய் வந்தால் காக்கா அண்ணன் உட்பட எல்லோருக்கும் வேலை போகும். அதனால் அந்த விதி நியாயம்தான். ஆனால் அந்த விதியில் கையெழுத்துப் போட்டவன் நான், அதற்காகக் கோழியை இழந்தவள் நீ. உன்னை உட்கார வைத்து அதைச் சொல்லியிருக்க வேண்டும். கீரி மேல் பழி போட்டேன். பெரியவனே, உன்னிடமும் ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன வரும் என்று பார்த்து, அவர்களிடம் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு.

மூன்றாம் நாள் மத்தியானம் மேனேஜர் போன் செய்தார். கோழிக்கு ஒன்றும் இல்லை. ஷெட்டில் செத்தவையும் வெக்கையில் செத்தவைதான். "நாளைக்கு வந்துருங்க. டாக்டரம்மா சொன்னதால உட்டேன். இன்னொருக்கா இப்படின்னா பாத்துட்டிருக்க மாட்டேன்."

நீங்கள் பள்ளியில், அம்மா பனியன் கம்பெனியில். நான் புடக்காளிக்கு பிளீச்சிங் பவுடர் போடலாம் என்று ஓரத்தில் அடுக்கியிருந்த ஹாலோ பிளாக் கல்லை நகர்த்தினேன். பின்னால் ஒரு முட்டை இருந்தது. நம் கோழி முட்டை வைக்க ஆரம்பித்தது நம் யாருக்கும் தெரியாது.

மணி நாலு. இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி. பார்க்க யாரும் இல்லை. எடுக்கப் போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கொத்துக்கரண்டியைத் தேடி எடுத்து வந்து, பக்கத்திலேயே ஒரு குழி வெட்டி, கரண்டி நுனியால் முட்டையை மெதுவாக உருட்டி உள்ளே விட்டு மண்ணைத் தள்ளி மூடினேன்.