எந்தக் கடையிலும் இரண்டு தட்டு

தண்ணீரூற்று என்ற ஊரில் எங்கள் அம்மா பெற்ற பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை என் தங்கச்சி. இந்த நினைவு மலரில் ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டுமாம். அவளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வளர்த்தவள் நான். அந்த மரியாதையை நீங்கள் எல்லாரும் கொடுங்கள்; எனக்கு அவள் அவள்தான்.

கலியாணம் கட்டி இரணைமடுப் பக்கம் வயல்காரன் வீட்டுக்குப் போனாள். மூத்தது மகன், அடுத்தது மகள். சண்டையின் கடைசி இடப்பெயர்வில், களப்புத் தண்ணீரைக் கடந்த சன நெரிசலில், தோளுக்கு மேல் வளர்ந்த மகன் தாயின் கையிலிருந்து விடுபட்டுப் போனான். அவனைச் செத்துக் கண்டவர்களும் இல்லை, பிறகு உயிரோடு கண்டவர்களும் இல்லை. கணவர் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு எந்த ஊரில் காணாமல் போனோர் விசாரணை என்றாலும் தங்கச்சி பஸ் ஏறினாள். துணைக்கு நான்.

பார்த்தவர்கள் இரண்டு கிழவிகள் ஊர் சுற்றுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். யாழ்ப்பாணம், மன்னார், கொழும்பு, எங்கே போனாலும் பஸ் நிற்கிற கடையெல்லாம் இறங்க வேண்டும் அவளுக்கு. வீட்டில் கஞ்சி குடிக்கிறவள் வழிக்கடையில் மகாராணி. ரோல்ஸ், முட்டை ரொட்டி, பிளேன்டீ, எதைச் சொன்னாலும் தனக்கு ஒரு தட்டு, எதிர்க் கதிரைக்கு ஒரு தட்டு. அந்தக் கதிரையில் நான் இருக்கப் போனால் விடமாட்டாள்.

“அக்கா, இஞ்சால என்ர பக்கத்தில இரு. அதில அவன் இருக்கட்டும்.”

“எடியே, நான் பசியில துடிக்கிறன். இல்லாதவனுக்கு ரோல்ஸ் சுடச்சுடக் கிடக்குது!”

“உனக்கும் சொல்லுறன். கத்தாத.”

பஸ் ஹோன் அடிக்கும்வரை அந்தத் தட்டைப் பார்த்தபடி இருப்பாள். பிறகு அதைக் கடதாசியில் சுற்றி, வாசலில் பசியோடு நிற்கிற யாருக்காவது கொடுத்துவிட்டு ஏறுவாள். பிள்ளை எங்காவது வழியில் நின்றால் இந்தக் கடைகளில் ஒன்றுக்குத்தானே சாப்பிட வருவான் என்பது அவளுடைய கணக்கு.

அதோடு விடுவாளா? கடைக் குசினிக்குள், அடுப்படிவரைக்கும் புகுந்துவிடுவாள். பூவரசங்குளத்தில் ஒரு கடைக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, இந்தக் கேக்கை ஆர் அடிச்சது?”

“ஏனம்மா, நல்லாயில்லையோ?”

“நடுவில குளம் வெட்டி வச்சிருக்கிறியள். மூடியத் திறந்து திறந்து பாத்தனீங்கள், என்ன? வேகேக்க திறந்தால் கேக்குக்குக் கோவம் வரும்.”

அவளிடம் கேக் வேகவைக்கிற போறணை கிடையாது. பெரிய சட்டியில் மணல் பரப்பி, முதலில் மணலைக் காயவிடுவாள். அதன்மேல் கேக் தட்டு, மூடியின்மேல் சிரட்டைத் தணல். அடியில் நெருப்புக் குறைய வேண்டும், மேலே கூட வேண்டும். முட்டை வெள்ளையைத் தனியாக அடித்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் அடிக்கக் கூடாது, மெல்லப் பிரட்ட வேண்டும். வாசம் வாசற்படலையைத் தாண்டிய பிறகுதான் ஈர்க்கால் குத்திப் பார்க்கலாம். இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, கைப்பையிலிருந்து மகனுடைய படத்தை எடுத்து நீட்டுவாள்.

“ஊர் ஊராக் கேக் வகுப்பு நடத்துறியே, உனக்கு வெக்கமில்லையோ?” என்று பஸ்ஸுக்குள் கேட்டேன்.

“வெறும் படத்தைக் காட்டினால் மறந்திடுவினம் அக்கா. கேக்கில பிழை சொன்னவளை ஒருத்தரும் மறக்கமாட்டினம்.”

அடுத்த கடையில் படத்தை நானே எடுத்து நீட்டினேன்.

கடைசியில் சலரோகம், இந்தச் சீனி வருத்தம், அவளைக் கட்டிலில் போட்டது. ஆஸ்பத்திரியிலும், “சோத்துப் பார்சல் ரெண்டு எடுத்தனியோ?” என்றுதான் கேட்டாள். எடுத்தேன் என்றேன். கண்ணை மூடினாள்.

கீரிமலைக் கடலில் சாம்பல் கரைத்துவிட்டு வரும்போது, அவள் வழக்கமாக இறங்கிக் கேக் வகுப்பு நடத்தும் இன்னொரு கடையில் எங்கள் வான் நின்றது. கடைக்காரர் என்னைக் கண்டதும், கேட்காமலே மூலை மேசையில் இரண்டு தட்டும் இரண்டு பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்தார்.

“அம்மா கை கழுவப் போட்டாவோ? இண்டைக்குக் கேக் பள்ளம் விழேல்லை எண்டு சொல்லுங்கோ.”

நான் தலையை ஆட்டினேன். இரண்டு கதிரையிலும் ஆள் இல்லை. இரண்டு கோப்பையிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது. தாயும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் கண்டுவிட்டார்களா, இல்லை, இப்போது அவளும் எங்கோ வழி தவறி நிற்கிறாளா? வான் புறப்பட்ட பிறகும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும். மகள் தாயைப் போலவே மணற்சட்டியில் கேக் அடித்தாள். சோறு, மீன்குழம்பு, ரோல்ஸ் எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் பரிமாறினாள். தாயைப் பார்த்த பழக்கத்தில் இரண்டு இலை போட்டுவிட்டாள்.

எங்கள் தம்பிதான் முதலில் கண்டார். “பிள்ளை, மற்றது ஆருக்கு?”

“அண்ணாவுக்கு, மாமா.” சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. அகப்பை கையில் அப்படியே நின்றது.

“செத்தவைக்கெல்லோ படைக்கிறது? தாய் போன கையோட அவனையும் முடிச்சிட்டியளோ? எடு இலைய!”

“எடுக்கமாட்டன் மாமா. அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா.”

இலை அங்கேயே கிடந்தால், அவள் ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத சாவை நாங்கள் அவள் முன்னாலேயே ஒத்துக்கொண்டதாகும். எடுத்தால், அவள் பிள்ளையின் சாப்பாட்டை அவள் கண்ணெதிரே பறித்ததாகும்.

நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். இலையைச் சோறு சிந்தாமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், வெளியே பந்திப் பாயில் வைத்தேன்.

“படையல் செத்தவளுக்கு. இது பந்திக்கு வாறவனுக்கு. ஆள் பிந்தீட்டான், அவ்வளவுதான். தம்பி, நீர் தள்ளி இரும்.”

தம்பி என்னைப் பார்த்தார். பிறகு பந்திப் பாய்க்கு வந்து, ஓராள் இடம் விட்டுச் சம்மணம் கட்டி இருந்தார்.

செய்தி கேட்டு ஓடிவந்தவர்களுக்கும், கொட்டகை போட்டவர்களுக்கும், கண்ணீரோடு வெங்காயம் உரித்தவர்களுக்கும், தங்கச்சியின் வாயைப் பொறுத்துக்கொண்ட வழிக்கடைக்காரர் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பந்தியில் ஒரு கேள்வியும் கேட்காமல் இடம் விட்டு இருந்தவர்களுக்கு நான் தனியாகக் கும்பிடுகிறேன்.

இந்த மலரின் பின்னட்டையில் பிள்ளையின் படமும் இருக்கிறது. இப்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். நீங்கள் பயணம் போகிற வழியில் எந்தக் கடையிலாவது கண்டால், தாய் போய்விட்டாள் என்று சொல்லுங்கள். ஆனால் உடனே சொல்ல வேண்டாம். முதலில் சாப்பிட விடுங்கள்.