சரோ அக்கா மறித்த லோரி

சரோ அக்கா போய்விட்டார். கிள்ளானில் தகனம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்... சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தெலுக் பங்லிமா காராங்கில் நான் வேலை பார்த்த க்ரீம் ஃபேக்டரியில், எந்தப் பொருள் எந்த நாட்டுச் சட்டத்துக்கு ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்கிற மேனேஜர் அவர். நான் பெட்டி டிசைன் செய்கிறவள்.

தினமும் சண்டை. தினமும் ஒரே மேசையில் சாப்பாடு.

லேப் ரிசல்ட் எல்லாம் சரியாக வந்த பிறகும், புது க்ரீமை முதலில் தன் முழங்கை மடிப்பில் பூசிப் பார்ப்பார். ஒரு முறை கை தக்காளி மாதிரி சிவந்துவிட்டது. மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாணம். அந்தப் புழுக்கத்தில் முழுக்கை பிளவுஸ்!

"ஃபேஷன் டி... உனக்கு என்னா தெரியும்?" என்றார்.

அப்புறம் அந்த லோரி.

ஐரோப்பாவுக்குப் போகிற லிப் பாம். மிருகங்களிடம் சோதிக்காதது என்பதற்கு அடையாளமாகப் பெட்டியில் நான் வரைந்த முயல், கொஞ்சம் கொழுகொழுவென்று. எல்லாம் லோரியில் ஏற்றிய பிறகு தகவல் வருகிறது... அதில் சேர்த்த ஒரு புதுப் பொருளை, அதை விற்ற கம்பெனி முயல் கண்ணில் விட்டுச் சோதித்திருக்கிறது. அழகுப் பொருளுக்காகவே. ஐரோப்பாவில் அப்படிப்பட்டதை விற்கச் சட்டம் விடாது.

பாஸ் கத்தினார். "சரோ, நம்ம ஊர்ல அதுக்குத் தடை இல்லையே லா! நம்மளும் டெஸ்ட் பண்ணல!"

"நம்ம ஊர்ல இல்ல பாஸ். போற ஊர்ல இருக்கு. அவங்களுக்குத் தெரியாமகூட போவலாம்... ஆனா இந்த முயல் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

சொல்லிவிட்டுத் தன் மைவி காரை ஃபேக்டரி கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேலை போகப்போகிறது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் என் மீனையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

கடைசியில் பாஸே சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்டிகளை இறக்கினார். ரொம்ப நாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மகளுக்கு முகத்தில் ஏதோ தடித்ததும், "சரோ, எந்த க்ரீம் போடலாம்?" என்று அவரிடம்தான் வந்து நின்றார்.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு பயம் இருந்தது. மருந்துக்குச் சட்டம் வேறு அல்லவா... மனிதருக்குக் கொடுக்குமுன் மிருகங்களிடம் சோதித்திருப்பார்கள். இந்தப் பிடிவாதக்காரி மாத்திரை வேண்டாம் என்றால் என்ன செய்வது?

கேட்டேவிட்டேன்.

"பைத்தியமா உனக்கு? உதடு பளபளன்னு இல்லாட்டி யாரும் சாவ மாட்டாங்க. இது அப்படியா? நான் இருக்கணும் டி" என்றார்.

சொல்லிவிட்டு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவம் டி அதுங்க..." என்று அழுதார். அழுதுகொண்டேதான் முழுங்கினார். நானும் அழுதேன்.

இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

இன்று அவர் வீட்டில் குளிப்பாட்டி, அவருக்குப் பிடித்த பச்சைப் பட்டு கட்டினோம். "மூஞ்சி ரொம்ப காஞ்சிருக்கு... கொஞ்சம் க்ரீம் போடுவோமா?" என்று அவர் தங்கை தன்னிடம் இருந்த டப்பாக்களை எல்லாம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எது மிருகங்களிடம் சோதிக்காதது என்று நிச்சயமாகத் தெரியவில்லை. இவ்வளவு நாள் பார்த்துச் சொல்கிற ஆள், கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார்.

எல்லா டப்பாவையும் மூடி வைத்துவிட்டு, சந்தனம் மட்டும் குழைத்துப் பூசினேன்.

முகம் அவ்வளவு அழகா இருந்துச்சு, அக்கா.